கரண்ட் வந்தது, தொலைபேசி வரவில்லை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதும், அதை வைத்துச் சமூக வலைத்தளங்களில் வந்த பகிடிகளும் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த நாள் வேறு விதமாக நினைவிருக்கிறது. வடக்கில் ஒரு தனியார் வைத்தியசாலையின் இரண்டாம் மாடியில், சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த அப்பாவின் கட்டிலருகில் நான் இருந்தேன்.

விளக்குகள் அணைந்தன. பத்துப் பதினைந்து விநாடியில் மின்பிறப்பாக்கி இயங்க, வெளிச்சம் வந்தது, மின்விசிறி சுற்றியது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஓடி வந்து பார்த்த தாதி, மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்துக் கடமையில் இருந்த வைத்தியரை அழைக்கப் பார்த்தார். தொலைபேசியின் சின்னத் திரையில் ஏதோ எழுத்துகள் ஓடி நின்றன. சத்தம் இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார், அப்போதும் இல்லை. கடமை வைத்தியர் அன்றைக்குத்தான் மாறியிருந்ததால் தாதியின் கைபேசியில் அவருடைய இலக்கமும் இல்லை. கடைசியில் ஒரு பணியாளர் படிகளில் இறங்கி ஓடினார்.

வைத்தியர் வந்தார். அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தொலைபேசி மீண்டும் உயிர் பெற ஏழு, எட்டு நிமிடம் எடுத்ததை நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். கரண்ட் வந்துவிட்டது, தொலைபேசி ஏன் வரவில்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நான் ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள், பொறியியலாளர் அல்ல. வலையமைப்பு வேலை செய்யும் அத்தான் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது சொன்னார்: "போன் பழுதில்லை பிள்ளை. சுவிட்ச் எழும்பிக்கொண்டிருந்திருக்கும்." அதற்குப் பிறகு பல மாலைகள் அவரிடம் பாடம் கேட்டேன். தயாரிப்பு நிறுவனங்களின் கைநூல்களையும் வாசித்தேன். வைத்தியசாலை, பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், பிரதேச அலுவலகம் என்று எங்கள் பகுதிகளில் எல்லாமே இப்போது இந்தப் பெட்டிகளின் மேல்தான் நிற்கின்றன. அவற்றை வாங்குபவர்களும், வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புபவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலில் பெட்டியைப் பற்றி. ஒரு கட்டடத்தில் உள்ள கணினி, தொலைபேசி, கண்காணிப்புக் கமரா, வைஃபை கருவி எல்லாவற்றின் கேபிள்களும் வந்து சேரும் இடம்தான் சுவிட்ச். பெரும்பாலும் 24 அல்லது 48 துவாரங்கள் இருக்கும். 48 போதாவிட்டால் இன்னொன்று வாங்கி மேலே வைக்கலாம். சாதாரணமாக வைத்தால் அது தனியான இன்னொரு பெட்டி. அடுக்கக்கூடிய வகை என்றால், பின்பக்கத்தில் தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே சுவிட்ச் போல நடந்துகொள்ளும். ஒரே முகவரி, ஒரே அமைப்பு. சிஸ்கோ நிறுவனம் 2003இல் வெளியிட்ட கற்றலிஸ்ட் 3750 இந்த வகையில் மிகப் பிரபலமானது. ஒன்பது பெட்டிகள் வரை ஒரு அடுக்கில் சேரும். 2010இல் வந்த 3750-எக்ஸ், இப்போதைய 9300 எல்லாம் அதன் வாரிசுகள். வேறு நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. நான் அதிகம் வாசித்ததும், இங்கே பழைய பொருளாக அதிகம் வந்து சேர்வதும் இந்தக் குடும்பம் என்பதால் உதாரணங்களை இதிலிருந்தே எடுக்கிறேன்.

இந்தப் பெட்டி ஒரு கணினியும்தான். மின்சாரம் கிடைத்ததும் தன் நினைவகத்தைச் சோதித்து, இயங்குதளத்தை ஏற்றி, அடுக்கில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடி, யார் தலைமை என்று தேர்தல் நடத்தி முடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குப் பிறகுதான் தொலைபேசிக்கு வேலை தொடங்கும். அதுவும் தன் பங்குக்குத் துவங்கி, தொலைபேசிச் சேவையகத்தில் தன்னைப் பதிய வேண்டும். ஆகவே பத்து விநாடி மின்தடை என்பது தொலைபேசிக்குப் பத்து விநாடி அல்ல, ஏழெட்டு நிமிடம். அன்று வைத்தியசாலையில் மின்பிறப்பாக்கி இருந்தது. சுவிட்சுக்கும் அதற்கும் நடுவில் அந்தப் பத்து விநாடியைத் தாங்கும் யூ.பி.எஸ். இல்லை, அல்லது இருந்தும் அதன் பற்றரி செத்துப் போயிருந்தது.

மின்சாரமும் பேச்சும் ஒரே கம்பியில்

பழைய தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்தது. தொலைபேசி நிலையத்தில் இருந்த பற்றரிகளிலிருந்து 48 வோல்ட் அளவில் மின்சாரம் அந்த இரண்டு கம்பிகள் வழியாகவே வந்தது. இணையவழித் தொலைபேசிகள் வந்தபோது அந்த வசதி போனது. ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு பிளக் தேவைப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவந்ததுதான் பி.ஓ.ஈ. எனப்படும் முறை: தரவு செல்லும் அதே கேபிளில் சுவிட்ச் மின்சாரத்தையும் அனுப்பும். 2003இல் வந்த முதல் தரநிலை ஒரு துவாரத்துக்கு 15.4 வாட் என்றது. 2009இல் அது 30 வாட் ஆனது. 2018இல் வந்த தரநிலை 90 வாட் வரை போகிறது.

இந்த முறையின் நன்மை பெரியது. சுவிட்சுக்கு மட்டும் யூ.பி.எஸ். கொடுத்தால் அந்த மாடியில் உள்ள எல்லாத் தொலைபேசிகளும் மின்தடையைத் தாண்டும். ஆபத்தும் அதே அளவுதான். முன்பு ஒரு பெட்டி நின்றால் கணினிகள் மட்டும் துண்டிக்கப்படும். இப்போது தொலைபேசி, கமரா, கதவுப் பூட்டு எல்லாம் ஒன்றாகச் சாகும்.

அடுத்ததாகக் கணக்கு வருகிறது. 48 துவாரங்களுக்கும் 15.4 வாட் கொடுக்க 739 வாட் வேண்டும். 715 வாட் மின்வழங்கி பூட்டிய 48 துவார 3750-எக்ஸில், பெட்டி தனக்கு எடுத்தது போகத் துவாரங்களுக்கு மிஞ்சுவது 435 வாட். தான் எந்த வகுப்பு என்று சொல்லாத கருவிக்கு சுவிட்ச் முழு 15.4 வாட்டையும் ஒதுக்கி வைக்கும், கருவி ஐந்து வாட்தான் குடித்தாலும். அப்படி ஒதுக்கினால் 28 கருவிகளோடு கணக்கு முடிந்துவிடும். 29ஆவது தொலைபேசியைச் செருகுபவர் தொலைபேசி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். ஏழு வாட் போதும் என்று தன் வகுப்பைச் சொல்லும் தொலைபேசிகள் என்றால் 48உம் 336 வாட்டில் அடங்கும். வாங்கும்போது துவாரங்களின் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் இந்த வாட் கணக்கைக் கேட்பது குறைவு.

யூ.பி.எஸ். கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு சாதாரண அலுவலக யூ.பி.எஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி இரண்டு இருக்கும். பெருக்கினால் 168 வாட்-மணி. சுவிட்சும் தொலைபேசிகளும் சேர்ந்து 200 வாட் எடுத்தால் 50 நிமிடம் என்று காகிதம் சொல்லும். ஈய-அமிலப் பற்றரியிலிருந்து வேகமாக உறிஞ்சினால் அது தன் முழு அளவைத் தராது. பாதி கிடைத்தால் நல்லது. எங்கள் வெயிலில், காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் இரண்டு, மூன்று வருடம் இருந்த பற்றரி என்றால் அதுவும் இல்லை. மின்பிறப்பாக்கி வரும்வரை தாங்குவதற்கா, அல்லது மின்பிறப்பாக்கியே இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் தாங்குவதற்கா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் பற்றரி வாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு விலை.

யாரை முதலில் அணைப்பது

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு சைக்கிள் டைனமோ தெரியும். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிடுவார், நான் பெடலைக் கையால் சுற்றுவேன், ரேடியோவில் செய்தி வரும். ஒரு முறை நான் ஆசைப்பட்டு முன்விளக்கையும் சேர்த்து விட்டேன். வெளிச்சம் வந்தது, செய்தி வாசித்தவரின் குரல் அமுங்கிப் போனது. அப்பா பேசாமல் விளக்கின் வயரைக் கழற்றினார். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது போதும்.

3750-எக்ஸ் உடன் வந்த ஸ்டாக்பவர் என்ற வசதியை வாசித்தபோது எனக்கு அந்த வயர்தான் ஞாபகம் வந்தது. தரவுக்கு ஒரு வளையம் இருப்பதுபோல மின்சாரத்துக்கும் ஒரு வளையம் போடலாம். நான்கு பெட்டிகள் வரை தங்கள் மின்வழங்கிகளை ஒரே கிணறாக்கிக்கொள்ளும். ஒரு பெட்டியின் மின்வழங்கி செத்தால் அடுத்த பெட்டியில் மிஞ்சியிருப்பது கேபிள் வழியாக வந்து அதைத் தாங்கும். இதில் இரண்டு விதம் உண்டு. பகிர்வு முறையில் எல்லா மின்வழங்கிகளின் சக்தியும் செலவுக்குக் கிடைக்கும். மேலதிகக் காப்பு முறையில் மிகப் பெரிய மின்வழங்கி ஒன்றின் அளவைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பார்கள். எது செத்தாலும் அந்த ஒதுக்கீடு ஈடுகட்டும்.

அப்படியும் போதாமல் போனால்? அப்போது சுவிட்ச் சுமைகளைக் கழற்றத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 27 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண் உள்ளவர்கள் முதலில் போவார்கள். நாங்கள் எதையும் மாற்றாவிட்டால், முன்னுரிமை குறைந்த துவாரங்களுக்கு 19 முதல் 27, கூடிய துவாரங்களுக்கு 10 முதல் 18, பெட்டிகளுக்கு 1 முதல் 9. துவாரங்கள் எல்லாம் தொடக்கத்தில் குறைந்த பட்டியலில்தான் இருக்கும். அதாவது அவசர சிகிச்சைப் பிரிவின் தொலைபேசியும் கன்டீன் சுவரில் உள்ள கமராவும் ஒரே வரிசையில், யாராவது போய் மாற்றும்வரை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது ஏ முதல் டபிள்யூ வரை எழுத்துகள் போட்டு மின்சார சபை வெளியிட்ட பட்டியலில் எங்கள் வலயம் எது என்று தேடினோமே, அதே வேலையை இந்தப் பெட்டி தன் 48 துவாரங்களுக்கும் செய்கிறது. அந்தப் பட்டியலையாவது யாரோ இருந்து எழுதினார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கண்டிப்பான முறையில், ஒதுக்கிய கணக்கு கையிருப்பைவிடக் கூடினாலே சுமைகளைக் கழற்றிவிடும், உண்மைச் செலவு குறைவாக இருந்தாலும். தளர்வான முறையில் உண்மையில் இழுக்கும் சக்தி கையிருப்பைத் தாண்டினால்தான் கழற்றும். தொடக்க அமைப்பு தளர்வானது. தொலைபேசிகள் ஒதுக்கியதில் பாதியைக்கூடக் குடிக்காத சாதாரண அலுவலகத்துக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் பழைய பெட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ் இல்லாத பழைய 3750க்கு இந்த வசதி இல்லை. எக்ஸ் இருந்தாலும் லான் பேஸ் என்ற அடிப்படை உரிமம் என்றால் ஸ்டாக்பவர் வேலை செய்யாது. மின் வளையத்துக்கான கேபிள் தனி, தரவு வளையத்துக்கான கேபிள் தனி. பெட்டியைக் கழற்றி அனுப்புபவர் அந்தக் கேபிள்களைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறார். இவற்றுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டுதான் ஏற்க வேண்டும். பாடசாலைக் கணினி கூடத்துக்குப் பரவாயில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதிய 9300இல் இரண்டு விஷயங்கள் பயனுள்ளவை. ஒன்று, சுவிட்சை மீள இயக்கும்போதும் தொலைபேசிகளுக்கு மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும். மற்றது, மின்தடை முடிந்ததும் இயங்குதளம் ஏறி முடியும்வரை காத்திருக்காமல் துவாரங்களுக்கு மின்சாரத்தை விட்டுவிடும், தொலைபேசி தன் துவக்க வேலையை அதே நேரத்தில் செய்துகொள்ளும். முதலாவது வசதி சுவிட்சுக்கு மின்சாரம் இருக்கும்போது மட்டும்தான். யூ.பி.எஸ்ஸுக்கு மாற்று என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பொஸ்டனில் நான்கு நாட்கள்

வலையமைப்பு விழுந்தால் ஒரு வைத்தியசாலைக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில், பொஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையம். 2002 நவம்பர் 13ஆம் திகதி அங்கே வலையமைப்பு இழுபடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு நாட்கள் வைத்தியசாலை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டைக் கையால் எழுதியே பழகாத இளம் வைத்தியர்களுக்கு மூத்தவர்கள் எழுதக் காட்டினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே தகவல் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் ஹலம்கா இதை மறைக்கவில்லை. மற்றவர்கள் அறியட்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். எங்கள் நாட்டில் இப்படி ஒரு பொறுப்பாளர் பேசியதை நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். ஒரு ஆய்வாளரின் மென்பொருள் பெருந்தொகையான தரவை வலையமைப்பில் கொட்டியது. வெள்ளம் தூண்டுதல் மட்டுமே. நோய் உள்ளே இருந்தது. சுவிட்சுகளை ஒன்றோடொன்று இரண்டு வழிகளில் இணைத்தால் தரவு வட்டமாகச் சுற்றி வலையமைப்பையே மூழ்கடிக்கும். அதைத் தடுக்க ஸ்பானிங் ட்ரீ என்ற விதிமுறை மேலதிக வழிகளை மூடி வைக்கும். அந்த விதிமுறையின் வழமையான அமைப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இல்லை என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அந்த வைத்தியசாலையின் வலையமைப்பு துண்டு துண்டாக வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. வெள்ளத்தில் கட்டுப்பாட்டுச் செய்திகள் நேரத்துக்குப் போய்ச் சேராமல், மூடியிருக்க வேண்டிய வழிகள் திறந்துகொண்டன.

அடுக்கின் பயன் இங்கேதான் தெரிகிறது. நான்கு பெட்டிகள் ஒன்றாக நடந்துகொள்ளும்போது விதிமுறையின் கண்ணுக்கு அது ஒரு சுவிட்ச்தான். மேலே போகும் இரண்டு இணைப்புகளை இரண்டு வேறு பெட்டிகளிலிருந்து எடுத்து ஒரே கட்டாகக் கட்டலாம். இரண்டும் வேலை செய்யும், ஒன்றும் மூடிக் கிடக்காது. ஒரு பெட்டி செத்தால் மற்றதன் இணைப்பு தொடரும். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் அடுக்கு உடையாது. தரவு மறுபக்கத்தால் சுற்றிப் போகும், கொள்ளளவு மட்டும் பாதியாகும். 3750இல் 32 கிகாபிட் வளையம் 16 ஆகும். வளையத்தை மூடாமல், கேபிள் மிச்சம் பிடிக்க நேர்கோடாக இணைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கேபிள் அறுந்தாலே அடுக்கு இரண்டாகும். இரண்டு பாதிகளும் ஒரே முகவரியுடன், நான்தான் தலைவன் என்று எழும்பும். அதைப் பிரித்தறிவது மகா தலையிடி.

தலைமைத் தேர்தலையும் விதியிடம் விடக்கூடாது. 1 முதல் 15 வரை எண் கொடுக்கலாம், கூடியவர் தலைவர். ஒன்றும் கொடுக்காமல் விட்டால், மற்ற எல்லாம் சமமாகும் பட்சத்தில் குறைந்த வன்பொருள் முகவரி உள்ள பெட்டி தலைவராகும். அது பெரும்பாலும் எல்லாவற்றிலும் பழைய பெட்டி. ஓடிக்கொண்டிருக்கும் அடுக்கில் இன்னொன்றைச் சேர்ப்பவர், புதியதை அணைத்து வைத்துவிட்டுக் கேபிளைச் செருக வேண்டும். இயங்கும் நிலையில் செருகினால் இரண்டு தலைவர்கள் சந்திப்பார்கள். தோற்ற பக்கம் தன்னை மீள இயக்கிக்கொள்ளும். தோற்றது நேற்றுவரை முழு மாடியையும் தாங்கிய பெட்டியாகவும் இருக்கலாம்.

வரிசை

வரிசையில் நிற்பது பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சுவிட்சுக்குள்ளும் வரிசைதான். 48 துவாரங்களும் ஆளுக்கு ஒரு கிகாபிட்டில் கொண்டுவந்து கொட்ட, வெளியே போகும் வழி ஒன்றோ இரண்டோதான். ஒரு கணம் நெரிசல் வந்தால் சிலதைக் காக்க வைக்க வேண்டும். இடம் முடிந்தால் சிலதை வீசிவிட வேண்டும். இந்தப் பெட்டிகளின் நினைவிடம் சிறியது என்பதால் தாமதத்தைவிட வீசுவதுதான் அதிகம்.

பேச்சுக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். வழமையான குறியீட்டில் ஒரு அழைப்பு விநாடிக்கு 50 சிறு பொதிகளை அனுப்பும். தலைப்புகள் எல்லாம் சேர்த்தாலும் 90 கிலோபிட்டுக்கு மேல் போகாது. சி.ரி. ஸ்கான் படங்களோடு ஒப்பிட்டால் அது தூசு. ஆனால் படம் அரை விநாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது, வீசப்பட்ட துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் போனது போனதுதான். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே பேச்சுப் பொதிகளில் ஒரு அடையாளம் குத்துகிறார்கள். டி.எஸ்.சி.பி. என்ற புலத்தில் 46 என்ற எண். அதைக் கண்டால் சுவிட்ச் முன்வரிசைக்கு எடுக்கும்.

எல்லோரும் அவசரம் என்று சொன்னால் அவசரம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. ஒரு கணினியும் தன் பொதிகளில் 46 குத்தலாம். அதனால் யாருடைய அடையாளத்தை நம்புவது என்று துவாரத்துக்குத் துவாரம் எல்லை போடுகிறார்கள். தொலைபேசியை நம்பு, அதன் பின்னால் செருகியிருக்கும் கணினியை நம்பாதே.

3750 குடும்பத்தில் பலர் விழும் குழி இதில்தான். பெட்டி வரும்போது முன்னுரிமை வசதி அணைந்திருக்கும். அடையாளங்கள் தொடப்படாமல் கடந்து போகும், எல்லாம் ஒரே வரிசையில். நல்லது செய்வதாக நினைத்து ஒருவர் அந்த ஒற்றைக் கட்டளையால் வசதியைத் திறந்துவிடுவார். திறந்த கணமே எல்லாத் துவாரங்களும் நம்பிக்கையற்றவை ஆகும். தொலைபேசி குத்தி அனுப்பிய 46ஐ சுவிட்ச் அழித்துப் பூச்சியம் ஆக்கும். நினைவிடமும் நான்கு வரிசைகளாகப் பிரிக்கப்படுவதால் சாதாரணத் தரவும் முன்பைவிட அதிகமாக வீசப்படும். முன்னுரிமை போட்ட பிறகு பேச்சு மோசமானது என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 9300 நேர்மாறு: அடையாளங்களைத் தொடக்கத்திலேயே நம்பும். பழைய பெட்டியின் அமைப்பை அப்படியே புதியதில் ஏற்ற முடியாது.

முன்னுரிமை கொள்ளளவைக் கூட்டாது. ஒருவரை முன்னுக்கு விட்டால் இன்னொருவர் பின்னுக்குப் போகிறார். பகல் முழுக்க நெரிசல் என்றால் மேலே போகும் இணைப்பைப் பெருப்பிக்க வேண்டும், வரிசையைத் திருத்திப் பயனில்லை.

அப்பாவின் தையல் பார்க்க இரண்டு கிழமை கழித்து அதே வைத்தியசாலைக்குப் போனோம். அத்தானும் கூட வந்தார். நிர்வாகத்தில் ஒருவரிடம் அன்று நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் எங்களை மாடிப்படிக்குக் கீழிருந்த அலுமாரிக்குக் கூட்டிப்போனார். மூன்று பெட்டிகள், இரண்டு மின்வழங்கிகள் வீதம். எல்லாம் ஒரே யூ.பி.எஸ்ஸில், ஒரே பிளக் பலகையில். அத்தான் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டாம் என்று என் கையைத் தட்டினார், அந்த நேரம் வாட்டில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஒரு காகிதம் கேட்டார். எந்தத் தொலைபேசி எந்தத் துவாரம் என்று எழுதிய பட்டியல் அங்கே இருக்கவில்லை. அதைத்தான் அவர்கள் முதலில் எழுதத் தொடங்கினார்கள், இரண்டாம் மாடித் தாதியின் மேசையிலிருந்து.